புக்கை மூடினாதான் படிப்பு ஆரம்பிக்குது

பர்ஸைத் தொறக்காம ஒரு கேள்விக்கு பதில் சொல்லுங்க பாப்போம். சாக்லேட் கலர்ல புதுசா வந்துச்சே பத்து ரூபா நோட்டு, அதுக்குப் பின்னாடி என்ன படம் இருக்கு? அம்பது ரூபாயில என்ன? இருநூறுல? நம்ம வேலூர்ல காட்பாடியில இருந்து பாகாயம் போற டவுன் பஸ் கண்டக்டரைக் கேளுங்க, மண்டி தெருவுல கல்லாவுல உக்காந்து காலையில இருந்து ராத்திரி வரைக்கும் நோட்டு எண்றவரைக் கேளுங்க, "அட தெனம் பாக்கறதுதான்பா, இன்னாது அது..."ன்னு இழுக்கறவங்கதான் ஜாஸ்தி. பத்துல கோனார்க் சூரியக் கோயில், அம்பதுல ஹம்பி கல் தேர், இருநூறுல சாஞ்சி ஸ்தூபி. தெரிஞ்சிருந்தா சபாஷ். தெரியலைன்னாலும் வெக்கப்பட ஒண்ணுமில்ல, ஏன்னா 1979ல அமெரிக்காவுல நிக்கர்சன், ஆடம்ஸ்னு ரெண்டு பேரு அவங்க ஊர் ஒரு சென்ட் காசை வெச்சு இதையேதான் செஞ்சு பாத்தாங்க. சின்ன வயசுல இருந்து கையில புழங்கற காசை மனசுல இருந்து வரையச் சொன்னா தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னே தடுமாறுறாங்க. சரி வரைய வேணாம், 15 படம் தர்றோம், அதுல நிஜக் காசு எதுன்னு காட்டுங்கன்னு சொன்னா அதுலயும் பாதிப் பேருக்கு மேல தப்பு.

ஆயிரம் தடவை பாத்தும் ஏன் பதியல? நமக்குத் தேவை கலரும் நம்பரும்தான். பின்பக்கப் படத்தை மனசுல இருந்து எடுத்து யாருக்காவது சொல்ல வேண்டிய அவசியம் ஒரு நாளும் வரல, அதனால மனசு அதை வெச்சுக்கவும் இல்ல. நோட்டுக்கு சொன்னது நோட்ஸுக்கும் பொருந்தும். சாயங்காலம் டியூஷன்ல பத்தாவது, பன்னெண்டாவது புள்ளைங்களையும், குரூப் 4க்குப் படிக்கறவங்களையும் பக்கத்துல இருந்து பாக்கற ஆளு நான், எல்லாரும் சுத்தி சுத்தி வந்து கேக்கறது ஒண்ணுதான்: "சார், படிக்கும்போது நல்லா புரியுது, அப்புறம் ஒண்ணுமே நிக்க மாட்டேங்குது, ஞாபக சக்திக்கு எதாவது இருக்கா?" வல்லாரைக் கீரையில இருந்து மெடிக்கல் ஷாப் டானிக் வரைக்கும் வாங்கித் தர்ற அப்பா அம்மா இருக்காங்க, ஆனா ஞாபகம்னா அது எப்படி வேலை செய்யுதுன்னு உக்கார வெச்சு சொல்லித் தர்றவங்க கம்மி. அதைத்தான் இங்க கொஞ்சம் பேசலாம்னு.

ஞாபகத்தை மனோதத்துவக்காரங்க மூணு வேலையா பிரிச்சுப் பாப்பாங்க. முதல்ல உள்ள பதியணும், அப்புறம் உள்ள தங்கணும், தேவைப்படும்போது வெளிய வரணும். நாம படிப்புன்னு சொல்றது எல்லாமே முதல் வேலையைப் பத்திதான், "எத்தினி மணி நேரம் படிச்ச"ன்னு கேக்கறோமே அது உள்ள தள்ற கணக்கு. பரீட்சை கேக்கறது மூணாவது வேலையை. அந்த மூணாவது வேலையை பரீட்சை ஹால்லதான் முதல் தடவையா செய்யறாங்க பாதிப் பேரு, பிரச்சனையே அங்கதான்.

பதியறதுல முதல் தடை இடம். நீங்க இந்த நிமிஷம் மனசுல பிடிச்சு வெச்சிருக்கறதுக்கு வேலை ஞாபகம்னு பேரு, அதுல இடம் ரொம்பக் கம்மி. 1956ல ஜார்ஜ் மில்லர் ஏழு, கூடக் குறைய ரெண்டுன்னு எழுதினாரு. அப்புறம் 2001ல நெல்சன் கோவன் எல்லா ஆராய்ச்சியையும் திரும்ப அலசிட்டு ஏழெல்லாம் இல்லைங்க, சுமார் நாலுதான்னு சொன்னாரு. நாலுன்னா நாலு எழுத்தா நாலு நம்பரான்னு கேட்டா அங்கதான் விஷயம் இருக்கு, அது நாலு கட்டு. ஒரு கட்டுக்குள்ள எவ்வளவு அடங்கும்ங்கறது உங்களுக்கு ஏற்கனவே என்ன தெரியும்ங்கறதைப் பொறுத்தது. 18066320416, இந்த நம்பரை ஒரு தடவை பாத்துட்டு கண்ணை மூடி சொல்லுங்கன்னு வெளியூர்க்காரர் யாரையாவது கேட்டா பதினோரு இலக்கம், முழி பிதுங்கும். வேலூர்க்காரருக்கு அது மூணே கட்டுதான்: 1806 கோட்டைப் புரட்சி, 632 நம்ம பின்கோடு ஆரம்பம், 0416 நம்ம எஸ்டிடி கோடு. ஒரு தடவை சொன்னாப் போதும், நாளைக்குக் கேட்டாலும் சொல்லிடுவீங்க. உங்களுக்கு ஞாபக சக்தி ஜாஸ்தின்னு இதுக்கு அர்த்தம் இல்ல, உங்ககிட்ட ஏற்கனவே இருக்கறதுல மாட்டி வெக்க எடம் இருந்துச்சு, அவ்வளவுதான். செஸ் மாஸ்டர்களை வெச்சு 1973ல சேஸ், சைமன்னு ரெண்டு பேரு இதைக் காட்டினாங்க. நிஜ ஆட்டத்துல இருந்து எடுத்த போர்டை அஞ்சு செகண்ட் காட்டிட்டு மூடினா மாஸ்டர் கடகடன்னு திரும்ப அடுக்கிடுவாரு, அதே காய்களை தாறுமாறா வெச்சுக் காட்டினா அவரும் நம்மளை மாதிரிதான் திணறுவாரு. அதனால "அவனுக்கு மூளை ஜாஸ்தி சார்"னு சொல்றதுக்கு முன்னாடி அவனுக்கு அந்த சப்ஜெக்ட்ல முன்னாடியே என்ன தெரியும்னு பாருங்க. எட்டாவதுல விட்ட அல்ஜீப்ரா பத்தாவதுல வந்து உதைக்கறது இதனாலதான்.

அடுத்தது, எப்படி யோசிக்கறீங்களோ அப்படித்தான் பதியும். கிரெய்க், டல்விங்னு ரெண்டு பேரு 1975ல வெளியிட்ட சோதனைகள் சிலதுல வார்த்தைகளைக் காட்டி, சில வார்த்தைக்கு எழுத்து பெருசா சிறுசான்னு கேள்வி, சில வார்த்தைக்கு எதோட எதுகையா சேருதுன்னு கேள்வி, சில வார்த்தைக்கு அர்த்தத்தைப் பத்தி கேள்வி. ஞாபகம் வெச்சுக்கோன்னு யாருக்கும் சொல்லல. அப்புறம் திடீர்னு கேட்டுப் பாத்தா அர்த்தத்தை யோசிச்ச வார்த்தைதான் அதிகமா நின்னுச்சு.

இதை நம்ம கோட்டையையே வெச்சுப் பாக்கலாம். "வேலூர் புரட்சி, 10 ஜூலை 1806"ன்னு பதினஞ்சு தடவை எழுதறவன் இருக்கான். இன்னொருத்தன் ஏன் ஏன்னு கேக்கறான். சிப்பாய்ங்களுக்கு ஏன் கோவம்? நெத்தியில சாதி மத அடையாளம் வெக்கக் கூடாது, தாடி கூடாது, தோல் வெச்ச புதுத் தலைப்பாகை போட்டே ஆகணும்னு உத்தரவு வந்துச்சு. ஏன் வேலூர்ல? 1799ல ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு செத்த அப்புறம் அவரோட புள்ளைங்களையும் குடும்பத்தையும் கொண்டாந்து இந்தக் கோட்டையிலதான் வெச்சிருந்தாங்க, கோவத்துக்கு ஒரு கொடி கிடைச்சுது. அப்புறம் ஏன் ஒரே நாள்ல அடங்குச்சு? ஆற்காட்டுல குதிரைப்படை இருந்துச்சு, அது இங்க இருந்து சுமார் 25 கிலோமீட்டர்தான், கில்லெஸ்பிங்கற வெள்ளைக்கார அதிகாரி காலையிலயே படையோட வந்து சேந்துட்டாரு. இப்போ 1799, 1806, ஆற்காடு, கில்லெஸ்பி, தலைப்பாகை எல்லாம் ஒண்ணைப் புடிச்சு ஒண்ணு நிக்குது, எதையாவது ஒண்ணை இழுத்தா மத்தது கூட வரும். பதினஞ்சு தடவை எழுதினவனுக்கு வருஷம் நழுவினா புடிக்க வேற எதுவும் இல்ல. மனப்பாடமே வேணாம்னு நான் சொல்லல, வாய்ப்பாடு, குறள், தனிம வரிசை எல்லாம் மனப்பாடம் பண்ணிதான் ஆகணும், அதுக்குப் போய் ஏன் ஏன்னு கேட்டுட்டு உக்காந்தா விடிஞ்சுடும்.

உள்ள தங்கறது எங்கன்னு கேட்டா, ஒரு மனுஷனோட கதையைச் சொல்லாம முடியாது. ஹென்றி மொலைசன், அமெரிக்காக்காரர், வலிப்பு தாங்க முடியாம 1953ல தன்னோட 27வது வயசுல ஆபரேஷன் பண்ணிக்கிட்டாரு. டாக்டர் ஸ்கோவில் மூளையோட ரெண்டு பக்கத்துலயும் ஹிப்போகாம்பஸ்ங்கற பகுதியில பெரும்பகுதியையும் அதைச் சுத்தி இருக்கறதையும் எடுத்துட்டாரு. வலிப்பு கொறஞ்சுது, கூடவே புதுசா எதையும் ஞாபகம் வெச்சுக்கற சக்தியும் போயிடுச்சு. பேசிட்டு இருக்கறவங்க வெளிய போயிட்டு கொஞ்ச நேரத்துல திரும்ப வந்தா புது ஆளு. ஆனா சின்ன வயசு ஞாபகம் இருந்துச்சு, பேச்சு நல்லா இருந்துச்சு, புத்திசாலித்தனத்துல கொறை இல்ல. பிரெண்டா மில்னர்ங்கற மனோதத்துவக்கார அம்மா கனடாவுல மாண்ட்ரியல்ல இருந்து போய் அவரை சோதிச்சாங்க. கண்ணாடியில மட்டும் பாத்துகிட்டே ஒரு நட்சத்திரத்தோட கோட்டுக்குள்ள பென்சிலை ஓட்டணும், செஞ்சு பாருங்க, கை எதிர்ப்பக்கமா ஓடும், எரிச்சல் வரும். மூணு நாள் பழக்கினாங்க. மூணாவது நாள் அழகா போடறாரு, ஆனா இதுக்கு முன்னாடி இதை செஞ்சதா அவருக்கு சுத்தமா ஞாபகமே இல்ல! அதாவது ஞாபகம்ங்கறது ஒரே சரக்கு இல்ல, சைக்கிள் ஓட்டறது, டைப் அடிக்கறது மாதிரி கை கத்துக்கறதுக்கு ஒரு வழி, என்ன நடந்துச்சுன்னு சொல்றதுக்கு வேற வழி. 2008ல அவர் காலமாகற வரைக்கும் உலகத்துக்கு அவர் வெறும் ஹெச்.எம்.தான், பேரை வெளிய சொல்லல.

இதுல நம்ம ஊருக்கு ஒரு ஒட்டு உறவு உண்டு, தெரிஞ்சவங்க கம்மி. இந்தியாவோட முதல் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவு 1949ல நம்ம வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியிலதான் ஆரம்பிச்சாங்க, ஆரம்பிச்சவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி. அவர் பயிற்சி எடுத்தது மாண்ட்ரியல்ல வைல்டர் பென்ஃபீல்டுங்கற மூளை ஆபரேஷன் டாக்டர் நடத்தின நரம்பியல் நிறுவனத்துல. சாண்டி கிளம்பி வந்த அப்புறம்தான் மில்னர் அங்க பென்ஃபீல்டுகிட்ட சேந்தாங்க. சிஎம்சி வாசல்ல ஆட்டோவுக்கு நிக்கும்போது எனக்கு இது அடிக்கடி தோணும்.

சரி, மறதிக்கு வருவோம். இதை முதல்ல அளந்தவர் ஹெர்மன் எபிங்ஹாஸ், ஜெர்மனிக்காரர், 1885ல புத்தகமா போட்டாரு. ஆளே கிடைக்கல போல, தன்னையே சோதிச்சுக்கிட்டாரு. அர்த்தமே இல்லாத மூணெழுத்து அசைகளை சுமார் 2300 தயார் பண்ணி, அதுல வரிசை வரிசையா மனப்பாடம் பண்ணி, அப்புறம் விட்டுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு அதே வரிசையைத் திரும்பக் கத்துக்க எவ்வளவு நேரம் மிச்சமாகுதுன்னு கணக்குப் பாத்தாரு. 20 நிமிஷம் கழிச்சு மிச்சம் 58 சதவீதம், ஒரு மணி நேரத்துல 44, ஒரு நாள்ல சுமார் 34, ஆறு நாள்ல 25, ஒரு மாசத்துல 21. மோட்டிவேஷன் வீடியோவுல "ஒரே நாள்ல 70 சதவீதம் மறந்துடுவீங்க"ன்னு கத்தறாங்களே, அது இந்தக் கணக்கைத்தான், ஆனா தப்பா சொல்றாங்க. ஒண்ணு, அது அர்த்தமில்லாத அசை, நீங்க படிக்கற வரலாறு அப்படி இல்ல. ரெண்டு, அவர் அளந்தது எவ்வளவு மறந்துச்சுங்கறதை இல்ல, திரும்பப் படிக்க எவ்வளவு நேரம் மிச்சமாச்சுங்கறதை. ஒரு மாசம் கழிச்சு ஒரு வரி கூட வாயில வரலைன்னாலும் திரும்பக் கத்துக்கும்போது சீக்கிரம் வருது, அதாவது உள்ள எங்கயோ கொஞ்சம் இருக்கு. எனக்கு இந்தக் கண்டுபிடிப்புல புடிச்ச பகுதியே அதுதான். இந்த நம்பர்களை கிராஃபா போட்டா வர்ற கோட்டோட ஷேப்பையும் கவனிங்க, முதல் ஒரு மணி நேரத்துல படுவேகமா இறங்குது, அப்புறம் ஆறு நாளுக்கும் ஒரு மாசத்துக்கும் நடுவுல பெருசா வித்தியாசமே இல்ல.

மறக்கறதுக்கு நேரம் மட்டும் காரணம் இல்ல, ஒண்ணோட ஒண்ணு மோதறதும்தான். வட ஆற்காடு மாவட்டம் 1989ல பிரிஞ்சு திருவண்ணாமலை தனியாச்சு, 2019ல வேலூரைப் பிரிச்சு ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு ரெண்டு மாவட்டம் புதுசா வந்துச்சு. இன்னிக்கும் ஆம்பூருக்கு கொரியர் போடறவர் அட்ரஸ்ல வேலூர் மாவட்டம்னுதான் எழுதறாரு, எங்க பக்கத்து வீட்டுத் தாத்தா இன்னும் வட ஆற்காடுதான். பழைய ஞாபகம் புதுசை உள்ள விட மாட்டேங்குது. எதிர்ப்பக்கமும் நடக்கும், புதுசாப் படிச்சது பழசை அமுக்கும். ஒரே மாதிரி இருக்கற ரெண்டு விஷயத்தை ஒரே ராத்திரியில அடுத்தடுத்து படிச்சா ரெண்டும் குழம்பறது இதனாலதான். தூக்கம் இதுல நல்லா உதவும். 1924லயே ஜென்கின்ஸ், டாலன்பாக்னு ரெண்டு பேரு ரெண்டே ரெண்டு மாணவர்களை வெச்சுப் பாத்தாங்க, படிச்சுட்டுத் தூங்கினா கொஞ்சமா மறக்குது, முழிச்சு வேற வேலை பாத்துகிட்டிருந்தா ஜாஸ்தி மறக்குது. ரெண்டு பேரை வெச்சு என்ன முடிவு பண்றதுன்னு நீங்க கேக்கலாம், நியாயம்தான், ஆனா அப்புறம் நிறைய பேரு வேற வேற மாதிரி செஞ்சும் தூக்கம் ஞாபகத்துக்கு நல்லதுன்னுதான் வந்துச்சு. பரீட்சைக்கு முந்தின ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் லைட்டு எரியற வீடுங்களைப் பாத்தா எனக்கு வயிறு எரியும்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வரேன். போன வருஷம் டியூஷன்ல பத்தாவது படிக்கற ஒரு பொண்ணு, அறிவியல் புக்குல நரம்பு மண்டலம் பாடத்தைத் தொறந்து வெச்சிருக்கா. பக்கம் முழுக்க மஞ்சள் ஹைலைட்டர், அதுக்கு மேல பிங்க், சில வரிக்கு ரெண்டு கலரும். எத்தனையாவது தடவைம்மா படிக்கறன்னா "நிறைய வாட்டி சார், எல்லாம் தெரியும்"னா. சரி புக்கை மூடு, நியூரானோட பகுதிங்களைச் சொல்லு. "சைட்டான்..."னு ஆரம்பிச்சா, அப்புறம் மேல ஃபேனைப் பாக்கறா, விரல் காத்துல எதையோ தேடுது, "சார், அது ரைட் சைடு பக்கத்துல மேல படத்துக்குக் கீழ இருக்கு சார், பிங்க்ல போட்டிருக்கேன் சார்". பாருங்க, பக்கம் ஞாபகம் இருக்கு, கலர் ஞாபகம் இருக்கு, எடம் ஞாபகம் இருக்கு, டென்ட்ரைட்டும் ஆக்ஸானும் மட்டும் வரல. புக்கைத் தொறந்து காட்டினதும் "அய்யோ தெரியும் சார் இது!"ன்னா. அவ பொய் சொல்லல. பாத்தா அடையாளம் தெரியுது, ஆனா பாக்காம எடுக்க வரல, ரெண்டும் வேற வேற வேலை. திரும்பத் திரும்பப் படிக்கும்போது வரிங்க சுலபமா ஓடும், அந்த சுலபத்தை மனசு "எனக்குத் தெரியும்"னு தப்பா எடுத்துக்கும். பைக்ல பின்னாடி உக்காந்து நூறு தடவை சோளிங்கர் போனவனை ஒரு நாள் வண்டியை நீ ஓட்டுன்னு சொன்னா எந்தத் திருப்பத்துல திரும்பணும்னு முழிப்பானே, அதேதான் இது.

இதை நம்பர்ல பாக்கணும்னா 2006ல ரோடிகர், கார்பிக் ரெண்டு பேரும் கல்லூரி மாணவர்களை வெச்சு செஞ்சதைப் பாக்கணும். படிக்கக் குடுத்தது சின்னதா ஒரு பாடப் பகுதி. ஒரு குழு அதை நாலு ரவுண்டும் படிச்சுகிட்டே இருந்தாங்க, சராசரியா 14 தடவை படிச்சிருக்காங்க. இன்னொரு குழு ஒரு ரவுண்டு மட்டும் படிச்சாங்க, சராசரியா மூணு நாலு தடவைதான், மீதி மூணு ரவுண்டும் பகுதியைப் பாக்காம ஞாபகம் வர்றதை எழுதணும். அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வெச்சா படிச்சுகிட்டே இருந்தவங்க 83 சதவீதம், எழுதிப் பாத்தவங்க 71. அட, படிக்கறதுதான் நல்லதுன்னு தோணுதுல்ல? ஒரு வாரம் கழிச்சு திரும்ப வெச்சாங்க. படிச்சுகிட்டே இருந்தவங்க 40க்கு விழுந்துட்டாங்க, எழுதிப் பாத்தவங்க 61ல நிக்கறாங்க. இன்னொரு கூத்து என்னன்னா, ஒரு வாரத்துக்கு அப்புறம் உங்களுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும்னு முன்னாடியே கேட்டப்போ ரொம்ப நம்பிக்கையா சொன்னது அந்த 14 தடவை படிச்ச குழுதான். இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் புள்ளைங்களோட "தெரியும் சார்"ஐ நம்பறதை விட்டுட்டேன். ஒப்பிக்கச் சொன்னா கெட்ட வாத்தியார்னு இப்போ ஒரு பேச்சு இருக்கு. புரியாம ஒப்பிக்கறதை யாரும் ஆதரிக்கல, ஆனா புரிஞ்சுகிட்ட அப்புறம் புக்கை மூடி ஒப்பிச்சுப் பாக்கறதை வீசி எறிஞ்சது பெரிய நஷ்டம். நம்ம தாத்தா காலத்துல திண்ணையில சட்டாம்பிள்ளைகிட்ட ஒப்பிச்சுட்டுத்தான் வீட்டுக்கே போக முடியும்.

எடுத்துப் பாக்கறதுல ஒரு ஆபத்தும் இருக்கு, தப்பா எடுத்தா தப்பே உக்காந்துக்கும். ஞாபகம் வீடியோ மாதிரி ஓடறது இல்ல, ஒவ்வொரு தடவையும் திரும்பக் கட்டறோம், கட்டும்போது வெளிச் சரக்கும் உள்ள கலந்துடும். லாஃப்டஸ், பால்மர் 1974ல கார் மோதற படம் காட்டி, சில பேர்கிட்ட கார் "இடிச்சப்போ" வேகம் என்னன்னும் சில பேர்கிட்ட "நொறுங்க மோதினப்போ" வேகம் என்னன்னும் கேட்டாங்க. ஒரு வாரம் கழிச்சு ஒடைஞ்ச கண்ணாடி பாத்தீங்களான்னு கேட்டா, நொறுங்கன்னு கேட்ட 50 பேர்ல 16 பேரு ஆமான்னாங்க, இடிச்சன்னு கேட்டவங்கள்ல 7 பேரு. படத்துல கண்ணாடி ஒடையவே இல்ல. அதனால மூடி எழுதினதும் உடனே புக்கைத் தொறந்து வேற கலர் பேனாவுல திருத்திடணும், அந்தப் பொண்ணுக்கும் ஹைலைட்டரைப் பையில போட்டுட்டு செவப்புப் பேனா எடுக்கச் சொன்னது அதுக்குத்தான். முதல் நாள் ரஃப் நோட்டுல அவ எழுதினது நாலு வரி, மீதி முக்கால் பக்கம் செவப்பு, மூஞ்சி தொங்கிப் போச்சு. இந்த முறையோட பெரிய எதிரியே அதுதான், செய்யும்போது எதுவுமே தெரியாத மாதிரி தோணும்.

எப்போ எடுத்துப் பாக்கணும்ங்கறது அடுத்த கேள்வி. உடனே உடனே எடுத்தா பிரயோஜனம் கம்மி, கொஞ்சம் மறக்க ஆரம்பிக்கணும், தேடி எடுக்கற கஷ்டம் கொஞ்சம் இருக்கணும். இடைவெளி விட்டுப் படிக்கறதுக்கு எனக்குப் புடிச்ச ஆராய்ச்சி பிரிட்டன் தபால்காரங்களைப் பத்தினது. பேட்லி, லாங்மேன் 1978ல வெளியிட்டாங்க. தபால் பிரிக்க டைப் அடிக்கக் கத்துக்கணும், ஒரு குழுவுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், இன்னொரு குழுவுக்கு ரெண்டு ரெண்டு மணி நேரமா நாலு மணி நேரம். கீபோர்டு பழக ஒரு மணி நேரக்காரங்களுக்கு மொத்தம் ஏறக்குறைய 35 மணி நேரம் போதுமா இருந்துச்சு, நாலு மணி நேரக்காரங்களுக்கு 50 கிட்ட ஆச்சு. ஆனா திருப்தி இல்லைன்னு மொணகினது யாரு? ஒரு மணி நேரக்காரங்க, ஏன்னா நாள் கணக்குல அவங்க பின்தங்கின மாதிரி தெரிஞ்சுது. நம்ம ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல லோயர் கிரேடு பரீட்சைக்குப் போனவங்களுக்குத் தெரியும், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் மெஷின், அடுத்த பேட்ச் பின்னாடி வந்து நிக்கும். மெஷின் பத்தாததால வந்த ஏற்பாடுதான், ஆனா கத்துக்கறதுக்கு அதுதான் சரியான ஏற்பாடு.

வீட்டுல செய்ய ஒரு சுலப வழி, ஜெர்மன்ல எழுதின லெய்ட்னர்ங்கறவர் 1970கள்ல பிரபலமாக்கின பெட்டி முறை. தோல் ஃபேக்டரி, ஷூ கம்பெனி இருக்கற இந்தப் பக்கத்துல ஷூ டப்பாவுக்குப் பஞ்சமா? ஒரு டப்பாவை எடுத்து அட்டை வெச்சு அஞ்சா தடுங்க. கல்யாணப் பத்திரிகை வீட்டுல சேந்து கிடக்கும், அச்சடிக்காத வெள்ளைப் பக்கமா பாத்து நாலா வெட்டினா நல்ல கெட்டிக் கார்டு, ஒரு பக்கம் கேள்வி, பின்பக்கம் மூலையில பொடியா பதில். எல்லாக் கார்டும் முதல் தடுப்புல, அதைத் தெனம் பாக்கணும். பாக்காம சரியா சொல்லிட்டா அடுத்த தடுப்புக்குப் போகும், அது ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை, அதுக்கடுத்தது வாரம் ஒரு தடவைன்னு இடைவெளி கூடிகிட்டே போகும், தப்பா சொன்னா அது எந்தத் தடுப்புல இருந்தாலும் திரும்ப முதல் தடுப்பு. குரூப் 4க்குப் படிக்கற ஒரு அண்ணி இதைக் காய் நறுக்கும்போது பக்கத்துல வெச்சுக்கறாங்க, சில கார்டுல மஞ்சக் கறையும் ஒரு ஓரத்துல மாப்பிள்ளை வீட்டு அட்ரஸும் இருக்கும். போன்ல ஆப் இருக்கு, அதுவும் இதே கணக்குதான், ஆனா போனை எடுத்தா எங்க போய் முடியும்னு உங்களுக்கே தெரியும்.

கணக்குப் பாடத்துக்கு இன்னொரு விஷயம் சேத்துக்கணும். உருளையோட கன அளவு பத்து கணக்கு, அப்புறம் கூம்பு பத்து, அப்புறம் கோளம் பத்துன்னு போடறதுதான் வழக்கம், புக்கும் அப்படித்தான் இருக்கு. அப்படிப் போடும்போது எந்த ஃபார்முலான்னு யோசிக்கவே தேவையில்ல, தலைப்புலயே இருக்கு. பரீட்சையில தலைப்பு இருக்காது. ரோரர், டெய்லர் 2007ல இதே மாதிரி கன அளவு கணக்கை ஒரு குழுவுக்கு வகை வகையாவும் இன்னொரு குழுவுக்குக் கலந்தும் குடுத்தாங்க. பயிற்சியில வகை வகையா போட்டவங்க 89 சதவீதம் சரி, கலந்து போட்டவங்க 60தான். ஒரு வாரம் கழிச்சு டெஸ்ட், வகை வகையா போட்டவங்க 20, கலந்து போட்டவங்க 63. நான் இப்போ பண்றது, முடிஞ்ச பயிற்சிங்கள்ல இருந்து ஒண்ணு ஒண்ணா பொறுக்கி ஒரு பேப்பர்ல கலந்து எழுதித் தந்துடுவேன், "இன்னா சார் ஒரு வரிசையே இல்லாம கீது"ன்னு புலம்புவாங்க. புலம்பட்டும்.

அப்புறம் அந்த கண்ணால கத்துக்கறவன், காதால கத்துக்கறவன், கையால கத்துக்கறவன்னு புள்ளைங்களைப் பிரிச்சு டெஸ்ட் எடுத்துக் காசு வாங்கற கதை. 2008ல பேஷ்லரும் மத்த மூணு பேரும் அதுவரைக்கும் வந்த ஆராய்ச்சியை எல்லாம் அலசிட்டு, ஒருத்தரோட பாணிக்கு ஏத்த மாதிரி சொல்லிக் குடுத்தா நல்லா படிப்பாங்கங்கறதுக்கு சரியான ஆதாரம் இல்லைன்னு எழுதிட்டாங்க. மேப்பைக் கண்ணால பாத்துதான் ஆகணும், உச்சரிப்பைக் காதால கேட்டுதான் ஆகணும், அது புள்ளையைப் பொறுத்தது இல்ல, பாடத்தைப் பொறுத்தது. அந்தக் காசை மிச்சம் பண்ணுங்க.

கடைசியா ஹால்ல பிளாங்க் ஆகறது. நல்லா தெரிஞ்ச பதில் நாக்கு நுனியில நிக்கும், வராது. உள்ள இல்லாம போகல, இழுக்கற கயிறு கிடைக்கல. எந்த எடத்துல, எந்த சூழல்ல படிச்சீங்களோ அதுவும் அந்தக் கயிறுல ஒரு பகுதி. 1975ல காடன், பேட்லி ரெண்டு பேரும் முங்கு நீச்சல்காரங்களுக்கு சில வார்த்தைங்களைத் தண்ணிக்கடியிலயும் சிலதைக் கரையிலயும் சொல்லிக் குடுத்தாங்க, தண்ணிக்கடியில படிச்சது தண்ணிக்கடியிலதான் நல்லா ஞாபகம் வந்துச்சு, கரையில படிச்சது கரையில. பரீட்சை ஹாலை வீட்டுக்குக் கொண்டு வர முடியாது, அதனால ஒரே மூலையில ஒரே பாயில உக்காந்து ஒப்பிச்சுப் பாக்காம எடத்தை மாத்திகிட்டே இருங்க, சாயங்காலம் சூடு கொறஞ்சப்புறம் மொட்டை மாடியில, பஸ்ல, கோட்டை அகழி பக்கத்துல நடந்துகிட்டே, எங்க வேணா. அப்படியும் ஹால்ல வரலைன்னா அதையே மொறைச்சுகிட்டு உக்காராதீங்க, அந்தப் பாடத்துல அதுக்கு முன்னாடி பின்னாடி என்ன வரும்னு ரஃப்பா ரெண்டு வார்த்தை பென்சில்ல எழுதிப் பாருங்க, பாதி நேரம் அதுவே இழுத்துட்டு வந்துடும். வரலையா, எடம் விட்டுட்டு மார்ஜின்ல ஒரு புள்ளி வெச்சுட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுங்க, கடைசி பத்து நிமிஷத்துல புள்ளி வெச்ச எடத்துக்கு மட்டும் திரும்ப வந்தாப் போதும்.